லான் அக்காவின் பன்னிரண்டு கெட்ட நாட்கள்

சியாயி நகரத்தில் உயரமான கட்டடங்களில் குடியிருப்பவர்கள் பலருக்குத் தூ யுன்-லானின் குரல் தெரியும், முகம் தெரியாது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மறுமுனையில் வருவது அந்தக் குரல்தான். கொஞ்சம் கட்டையான, அவசரப்படாத குரல். "நான் லான் பேசுறேன். உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க? யாருக்காவது உடம்புக்கு முடியலையா?" என்று கேட்கும். அதைக் கேட்டதுமே பாதிப் பயம் போய்விடும் என்று வென்ஹுவா தெருக்காரர்கள் சொல்வார்கள்.

அவள் பிறந்தது மின்சியுங்கில், அன்னாசித் தோட்டக்காரர் வீட்டில் நாலாவது பெண்ணாக. வணிகப் பள்ளியில் தட்டச்சும் கணக்குப் பதிவும் படித்தாள். பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் பதிவு செய்யும் போனில் எட்டு வருஷம் உட்கார்ந்தாள். சாவி வெட்டும் கடை வைத்திருந்த லோ என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இருபத்தொன்பதாம் வயதில் பெங் முதலாளியின் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனிக்கு வந்தவள், ஐம்பத்தொன்றிலும் அதே ஜன்னலோர நாற்காலியில்தான் இருந்தாள். நாற்காலியை மட்டும் மூன்று முறை மாற்றியிருந்தார்கள்.

கம்பெனியிடம் பதினோரு மெக்கானிக்குகள், முந்நூற்று நாற்பது லிஃப்டுகள். எந்த லிஃப்ட் மழைக்காலத்தில் மூன்றாம் மாடியில் சிக்கும், எந்தக் கட்டடத்தின் காவல்காரர் மதியம் தூங்குவார், எந்தச் சாவி எந்தப் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் என்பதெல்லாம் லானின் தலைக்குள் இருந்தது. போன் வந்தால் வெள்ளைப் பலகையில் எழுதுவாள். மெக்கானிக்குகளின் போன் குரூப்பில் மெசேஜ் போடுவாள். யாராவது ஒருவர் "போறேன்" என்று பதில் போட்டதும் பலகையில் அவர் பெயரை எழுதுவாள். வேலை முடிந்தால் கையெழுத்து வாங்கிய தாளைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அதை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். இப்படியே நடந்துகொண்டிருந்தது, அந்த ஆகஸ்ட் மாதத்து மதியம் வரை.

அன்று யோ என்ற மனிதர் தன் அம்மாவின் பிறந்தநாள் கேக்கோடு ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். லான் வழக்கம் போல் குரூப்பில் போட்டாள். அதே நேரத்தில் அஷெங் என்ற மூத்த மெக்கானிக், "வான்கோழிச் சோறு திங்க யாரு வர்றீங்க?" என்று கேட்டிருந்தான். குவோ என்பவன் "போறேன்" என்று பதில் போட்டான். அவன் போனது சோற்றுக்கு. லானும் அஷெங்கும் லிஃப்டுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். அஷெங்கும் குவோவும் சோற்றுக் கடை வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கதவைத் திறக்கும்போது ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டது.

மறுநாள் லான் புதிய கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு யோவின் வீட்டுக்குப் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். யோ நல்ல மனிதர். டீ கொடுத்தார்.

"நீங்க போன்ல பேசிக்கிட்டே இருந்தீங்க, அதனால நான் பயப்படலை," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா 'வந்துக்கிட்டே இருக்காங்க, வந்துக்கிட்டே இருக்காங்க'ன்னு அஞ்சு தடவை சொன்னீங்க. அப்ப யாருமே கிளம்பலை, இல்லையா?" என்று கேட்டார்.

லான் டீயைக் குடித்துவிட்டு இன்னொரு முறை குனிந்தாள். வீடு திரும்பியதும் கணவரிடம், "இருபத்திரண்டு வருஷமா நான் சொன்னதுல எத்தனை பொய்யோ," என்றாள். லோ அவள் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

பெங் முதலாளிக்கும் அந்த ஐம்பது நிமிஷம் உறுத்தியது. முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்து, "இப்பல்லாம் ஒரு மென்பொருள் இருக்காம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். கட்டம் கட்டமா இழுத்துப் போட்டுக் கோடு இழுத்தாப் போதும், வேலையைத் தானே பார்த்துக்குமாம். அந்த மாதிரி ஒண்ணு வாங்கிடுவோம். லான், நீதான் அதோட மல்லுக்கட்டப் போறவ, நீயே பார்த்துச் சொல்லு," என்றார்.

"எனக்கு என்ன முதலாளி தெரியும்? நான் படிச்சது தட்டச்சு."

"எனக்கு அதுவும் தெரியாது," என்றார் பெங்.

மூன்று கம்பெனிகளின் மென்பொருள்கள் வரிசையில் நின்றன. அவற்றின் பெயர்கள் எல்லாம் வாயில் நுழையாதவை. ஆகவே திரையின் நிறத்தை வைத்து ஆபீசில் அவற்றுக்கு நீலம், பச்சை, சாம்பல் என்று பெயர் வைத்தார்கள். நீலம் வெளிநாட்டுச் சரக்கு, பார்க்க அவ்வளவு அழகு. பச்சையை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம், நம் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி நாமே ஓட்டிக்கொள்ள வேண்டும். சாம்பல், தாய்னானில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்னக் கம்பெனியுடையது. திரையைப் பார்த்தால் வரி அலுவலகத்து விண்ணப்பம் மாதிரி இருக்கும்.

லான் முதல் வாரம் முழுக்க ஒன்றும் புரியாமல் விழித்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் மேஜையில் தலை சாய்க்கும் நேரத்தில் அவள் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு கட்டத்தில் "இது நடந்தால்" என்று இருக்கும், கோட்டின் மறுமுனையில் இருக்கும் கட்டத்தில் "அதைச் செய்" என்று இருக்கும். இரண்டாம் வாரம் புதன்கிழமை, சூப் பாதி ஆறிப்போயிருந்தபோது, அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. காலையில் இருந்து மாலை வரை அவள் செய்வதே அதுதானே? போன் வந்தால் பலகையில் எழுது. பதில் வராவிட்டால் அடுத்தவனைக் கூப்பிடு. தன் மூளையை யாரோ பிரித்துக் கட்டம் கட்டமாக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவளுக்கு அதன் மீது பயம் போய்விட்டது.

ஆனால் எது நல்லது என்று எப்படிச் சொல்வது? மூன்றும் சாதாரண நாளில் சரியாகவே வேலை செய்தன. விற்க வந்தவர்கள் காட்டிய மாதிரிகளில் எல்லாம் மெக்கானிக் உடனே போனை எடுத்தான், முகவரி சரியாக இருந்தது, மழை பெய்யவில்லை. லான் ஒரு தாளை எடுத்துத் தன் இருபத்திரண்டு வருஷத்தில் நடந்த கெட்ட நாட்களை எழுத ஆரம்பித்தாள். பன்னிரண்டு வந்தன. மெக்கானிக்கின் போன் சாக்கடையில் விழுந்த நாள். ஒரே கட்டடத்தில் இருந்து ஆறு பேர் தனித்தனியாக அழைத்து, ஒரே லிஃப்டுக்கு மூன்று மெக்கானிக்குகள் போய் நின்ற நாள். பெயர் மாறிய கட்டடத்தின் பழைய பெயரைச் சொல்லி ஒரு பாட்டி அழைத்த நாள். புயலில் இன்டர்நெட் போன நாள். அவளுக்கே காய்ச்சல் வந்து படுத்த நாள். சோற்றுக்குப் போன குவோவின் நாள் பன்னிரண்டாவது.

முதலில் வந்தது பச்சை. அதைக் கொண்டுவந்தவன் குவோ. அவன் மச்சான் அதில் கெட்டிக்காரனாம்.

"இது ஒரு நாள் ஓடலைன்னா யாரைக் கூப்பிடணும்?" என்று லான் கேட்டாள்.

"என் மச்சானைத்தான் அக்கா. தங்கமான பையன்."

"இப்ப எங்கே இருக்கான்?"

"வியட்நாம்ல. ஷூ ஃபேக்டரில."

அஷெங் வாயில் இருந்த வெற்றிலைப் பாக்கைத் துப்பக் குவளையைத் தேடினான், சிரிப்பில் அது மேஜையில் சிந்தியது. "குவோ, லிஃப்ட்ல மாட்டுனவங்களை உன் மச்சான் பிளேன் பிடிச்சு வந்து இறக்குவானா?" பச்சை அத்தோடு போயிற்று. ஆனாலும் லான் நியாயமாக ஒரு வார்த்தை சொன்னாள்: "மச்சான் நம்ம ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தா இதையே எடுத்திருப்பேன். பன்னிரண்டுல பதினொண்ணு இது செய்யுது."

நீலத்தைக் கொண்டுவந்த வெய், தைபேயில் இருந்து வந்தவர். நல்ல கோட்டு, நல்ல பேச்சு. லானின் பட்டியலைப் பார்த்ததும் புன்னகைத்தார். "அக்கா, இதெல்லாம் எங்கே நடக்கப் போகுது? ஒரே நேரத்துல அறுபது பேர் கூப்பிடுவாங்கன்னு போட்டிருக்கீங்களே!"

"அது ஏழாவது. சீனப் புத்தாண்டுக்கு மூணு நாள் முன்னாடி நிலம் நடுங்குச்சே, அந்த வருஷம் நடந்தது. அறுபத்து நாலு பேர்."

வெய் புன்னகையைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டார். ஆனாலும் மனிதர் திறமைசாலி. அன்று மாலையே பெங் முதலாளியை வாத்துக் கறிக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். மறுநாள் பெங் ஆபீசுக்கு வந்ததும் முதல் பேச்சே, "நீலமே இருக்கட்டும் லான். பெரிய கம்பெனி, உலகம் பூரா ஓடுது. நான் அவர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்," என்பதுதான்.

லான் இருபத்திரண்டு வருஷத்தில் அவரை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. தேதி கிழிக்கும் காலண்டரைப் பார்த்தாள். "முதலாளி, திங்கட்கிழமை பதினாறாம் பிறை. எல்லாரும் பூஜைக்கு ஆபீஸ் வருவாங்க. அன்னைக்குக் காலைல ஒரு மணி நேரம் கொடுங்க. வெய்யையும் கூப்பிடுங்க, தாய்னான்காரங்களையும் கூப்பிடுங்க. ரெண்டையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு உங்க வாக்கைக் காப்பாத்துங்க," என்றாள்.

திங்கட்கிழமை வாசலில் மேஜை போட்டுப் பழமும் பிஸ்கட்டும் வைத்து ஊதுவத்தி கொளுத்திக் கும்பிட்டார்கள். தங்கக் காகிதத்தை எரித்து முடித்ததும் பதினோரு மெக்கானிக்குகளும் உள்ளே வந்து போனும் கையுமாக உட்கார்ந்தார்கள். அஷெங் கம்ப்யூட்டர் தலையில் பச்சை உறை போட்ட பொரிப் பொட்டலம் ஒன்றை வைத்தான், அந்த ஊர் வழக்கப்படி, இயந்திரம் அடம்பிடிக்காமல் இருக்கட்டும் என்று. சாம்பல் கம்பெனியில் இருந்து தெங் ரூ-பிங் என்ற பெண் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

"இப்ப நிலம் நடுங்கிருச்சு," என்றாள் லான். "எல்லாரும் கூப்பிடுங்க."

ஆளுக்கு ஆறு அழைப்பு. கத்தலும் கும்மாளமுமாக ஆரம்பித்தார்கள். ஒருவன் பெண் குரலில் அழுதான். குவோ, "நான் கவர்னர் பேசுறேன், என் நாய்க்குட்டி மாட்டிக்கிச்சு," என்றான். நீலத்தின் திரையில் வேலைகள் ஒவ்வொன்றாக மலர்ந்து, அழகழகாகப் பிரிந்து போயின. பெங் முதலாளி பெருமையோடு வெய்யைப் பார்த்தார். நாற்பத்து மூன்றாவது அழைப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் அசையவில்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை, சத்தம் எழவில்லை. திரை முன்னைப் போலவே அழகாக இருந்தது, வேலைதான் நடக்கவில்லை.

வெய் எழுந்து வந்து பார்த்தார். "ஓ, இது சோதனைத் திட்டம் அக்கா. ஒரு கட்டம் ஓடினா ஒரு அடி, மாசத்துக்கு இத்தனை அடின்னு ஒரு அளவு இருக்கு. ஒரு அழைப்புக்கே ஏழெட்டு அடி போகுதில்லையா, அதான் தீர்ந்துபோச்சு. பெரிய திட்டத்துல பத்து மடங்கு இருக்கும்."

"அதுவும் தீர்ந்தா?"

"தீர்ந்தா நிக்கும். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி தானா ஓட ஆரம்பிச்சிடும்."

"அப்ப நிலநடுக்கத்தை ஒண்ணாம் தேதி பார்த்து வரச் சொல்லணும்," என்றான் அஷெங். ஆபீசே அதிர்ந்தது.

லான் சிரிக்கவில்லை. "நிக்கிறப்ப யாருக்குச் சொல்லும்?" என்று கேட்டாள்.

"கணக்கு யார் பேர்ல இருக்கோ அவருக்கு ஒரு ஈமெயில் போகும்."

எல்லோரும் பெங் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி ஈமெயிலைத் திறந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. அவர் முகம் பூஜையில் வைத்த ஆப்பிள் மாதிரி சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

சாம்பலை ஓட்டிப் பார்த்தார்கள். அறுபத்தாறு அழைப்பும் போயின. மெதுவாகத்தான் போயின. இடையில் ஒரு முகவரி சிக்கிக்கொண்டது; உடனே லானின் போனும் அஷெங்கின் போனும் சேர்ந்து கதறின. அளவைத் தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்டதற்குத் தெங், "நிக்காது அக்கா. ஓடிக்கிட்டே இருக்கும், கூடுதல் காசை மறு மாசம் சேர்த்து வாங்கிக்குவோம்," என்றாள். பட்டியலில் இருந்த பழைய பெயர், புதிய பெயர்ச் சிக்கலைக் கேட்டபோது நேராகவே சொன்னாள்: "அது எங்களால முடியாது. இன்டர்நெட் சுத்தமா போனாலும் முடியாது. பத்துதான் முடியும்."

"இதைத் தனியா நானே மாத்தலாமா? ஒவ்வொரு தடவையும் உங்களைக் கூப்பிடணுமா?"

"நீங்களே மாத்தலாம். கெடுத்தீங்கன்னா முந்தின நாள் இருந்த மாதிரி திருப்பிக்கலாம். நாளைக்கே எங்களை வேணாம்னு விட்டாலும் உங்க பதிவெல்லாம் ஒரே கோப்பா வெளியே எடுத்துக்கலாம்."

"எது எது முடியாதுன்னு நேரா சொல்லுது பாரு இந்தப் பொண்ணு," என்று லான் அஷெங்கிடம் மெல்லச் சொன்னாள். "அது போதும் எனக்கு."

வாக்குக் கொடுத்துவிட்ட பெங் முதலாளி வெய்யிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அந்தத் தர்மசங்கடத்தை அவருக்கு வைக்காமல் லானே எழுந்து வெய்யிடம் போனாள். "உங்க மென்பொருள் அழகா இருக்கு தம்பி. கடைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ இதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆனா எங்க வேலைல வருஷத்துல ஒரு நாள்தான் கணக்கு. இந்தத் தாளை எடுத்துட்டுப் போங்க. அடுத்த கம்பெனிக்குப் போறப்ப இதுக்குப் பதில் வச்சுக்கிட்டுப் போங்க," என்று தன் பட்டியலின் நகல் ஒன்றைக் கொடுத்தாள். வெய் அதை இரண்டு கையாலும் வாங்கி, மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது பூஜை பிஸ்கட்டில் ஒரு பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டார்கள்.

சாம்பலைக் கட்டி எழுப்ப லானுக்கு இரண்டரை மாதம் ஆயிற்று. பழைய பெயர்ச் சிக்கலுக்கு அவளே வழி கண்டாள்: முந்நூற்று நாற்பது லிஃப்டுகளுக்கும் மக்கள் சொல்லும் பெயர்களை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதி ஏற்றினாள். "பழைய சினிமாக் கொட்டகை பக்கம்", "முடிவெட்டுற ஆமிங் மாடி" என்பது வரை அதில் இருந்தது. மெக்கானிக்கின் போனுக்கு வேலை போகும். மூன்று நிமிஷத்தில் "கிளம்பிட்டேன்" பொத்தானை அவன் அமுக்காவிட்டால் அடுத்தவனுக்குப் போகும். சோற்றுக்குப் போகிறவன் அமுக்க அதில் பொத்தானே கிடையாது.

இடையில் தவறும் செய்தாள். ஒரு கோட்டை எங்கிருந்து எடுத்தாளோ அங்கேயே கொண்டுபோய் இணைத்துவிட்டாள். அன்றைக்கு அஷெங்கின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மோதிரம் போடும் நேரத்தில் அவன் பாக்கெட்டில் இருந்து, "வேலை வந்துள்ளது, பெற்றுக்கொண்டீர்களா?" என்ற கேள்வி இருநூற்றுப் பதினாலு முறை ஒலித்தது. சம்பந்தி, "உங்களுக்கு நிறைய வேலை போல," என்றாராம்.

மறுநாள் அஷெங் லானின் மேஜை முன் வந்து நின்றான். "அக்கா, நான் பெற்றுக்கிட்டேன். இருநூத்திப் பதினாலு தடவை பெற்றுக்கிட்டேன்."

லான் எழுந்து குனிந்தாள். "தப்பு என்னோடதுதான். கோட்டைத் திருப்பி வளைச்சுட்டேன். வா, எங்கே வளைஞ்சுதுன்னு காட்டறேன்." அவன் கோபமாக வந்தவன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். அன்று முதல் அவனும் அந்தக் கட்டங்களைப் புரிந்துகொள்ள ஆரம்பித்தான்.

ஒரு இடத்தில் மட்டும் லான் பிடிவாதமாக நின்றாள். உள்ளே ஆள் மாட்டியிருக்கும்போது, பதிவு செய்த குரல் ஒன்றைத் தானாகப் பேச வைக்கலாம் என்று தெங் சொன்னாள். "அமைதியாக இருங்கள், உதவி வருகிறது" என்று இனிமையாகச் சொல்லுமாம்.

"வேணாம்," என்றாள் லான்.

"உங்க வேலை குறையும் அக்கா."

"மத்த வேலையெல்லாம் குறையட்டும்மா. அதுக்குத்தானே இதை வாங்கினது. பூட்டின பெட்டிக்குள்ள இருக்கிற மனுஷங்களோட பேச எனக்கு நேரம் வேணும். பெட்டியோட பெட்டியைப் பேச விடக் கூடாது."

ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆபீசில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக அலறின. நிலநடுக்க எச்சரிக்கை முடிவதற்குள் தரை ஒரு பக்கமாகத் தள்ளியது. தண்ணீர்க் குடுவை உருண்டு விழுந்தது. பெங் முதலாளி மேஜைக்கு அடியில் போய்விட்டார். லான் ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போன் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டாள். நடுக்கம் நின்ற மறு நிமிஷம் அழைப்புகள் கொட்டத் தொடங்கின. நகரத்தில் நடுக்கத்தை உணர்ந்த லிஃப்டுகள் எல்லாம் தாமாகவே நின்றுவிட்டன. ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பதினெட்டு அழைப்பு. அவற்றில் ஐந்தில் ஆட்கள் உள்ளே இருந்தார்கள்.

நூற்றுப் பதின்மூன்றை லான் தொடவே இல்லை. அவை வந்து, ஒரே கட்டடத்தவை ஒன்றாகச் சேர்ந்து, தெரு வாரியாகப் பிரிந்து, மெக்கானிக்குகளின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் அந்த ஐந்து பேரோடு மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கர்ப்பிணிப் பெண், "யாராவது வர்றாங்களா? நிஜமா வர்றாங்களா?" என்று கேட்டாள்.

லான் திரையைப் பார்த்தாள். "அஷெங்னு ஒருத்தர் வர்றார். பதினோரு நிமிஷத்துக்கு முன்னாடி ரயில் நிலையத்துப் பக்கத்துல இருந்து கிளம்பினார். இப்பத்தான் உங்க கட்டடத்து வாசல்ல வண்டியை நிறுத்தியிருக்கார். மாடி ஏறி வரணும், மூணு நிமிஷம் ஆகும். மூணுக்கு மேல ஆனா நானே உங்களுக்குச் சொல்றேன்."

நான்கு நிமிஷம் ஆயிற்று. மூன்றாவது நிமிஷத்தில் லான், "இன்னும் ஒரு நிமிஷம் ஆகும்மா, அஷெங் குண்டு," என்று சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்ததாக அஷெங் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான்.

ஐந்தாவது அழைப்பில் பேச்சே இல்லை. பொத்தானை அமுக்கியிருந்தார்கள், உள்ளே மூச்சு மட்டும் கேட்டது. லான் மூன்று தடவை கேட்டும் பதில் இல்லை. சாம்பல் அதைத் தவறுதலான அழைப்பு என்று வகைப்படுத்திக் கடைசியில் தள்ளியிருந்தது. லான் அதை விரலால் இழுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். "பேசலைன்னா பரவாயில்லை," என்று போனில் சொன்னாள். "நான் உங்களோடவே இருக்கேன். குவோ வர்றார். கேக்குதுன்னா ஒரு தடவை தட்டுங்க." ஒரு தட்டல் கேட்டது.

குவோ போய்க் கதவைப் பிளந்தபோது உள்ளே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நேராக நின்றிருந்தார். அடிபட்டுவிட்டதோ என்று குவோ பதறிப்போனான். அவர் மெல்லக் கையை எடுத்து, "தபால் எடுக்கக் கீழே இறங்கினேன் தம்பி. பல்செட்டை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். அந்த அம்மாகிட்ட இந்த வாயோட எப்படிப் பேசுறது?" என்றார்.

குவோ இதைச் சொன்னபோது லான் முதல் முறையாக அன்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் சாம்பலைத் திறந்து, பேச்சில்லாத அழைப்பைத் தவறென்று ஒதுக்கும் கட்டத்தை அழித்துவிட்டு, அதன் இடத்தில் "முதலில் போ" என்று எழுதினாள். மதியம் இரண்டரை மணிக்குள் நின்றுபோன லிஃப்டுகளில் பழுதானவை போக மற்றவை எல்லாம் சோதிக்கப்பட்டு ஓடத் தொடங்கின. பெங் முதலாளி எல்லோருக்கும் வான்கோழிச் சோறு வாங்கி வந்தார். லான் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "யார்கிட்டயாவது வர்றாங்கன்னு பொய் சொன்னேனா?" அஷெங் பதிவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "இல்லை அக்கா. என்னைக் குண்டுன்னு சொன்னதுகூட உண்மைதான்."

அந்தச் செய்தி பரவியது. தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்கிறவர்கள், குளிர்சாதனம் பழுது பார்க்கிறவர்கள் என்று சின்னச் சின்னக் கம்பெனிகளின் ஆபீஸ் பெண்கள் லானைத் தேடி வந்தார்கள். எதை வாங்கலாம் என்று கேட்டால் அவள் சாம்பலின் பெயரைச் சொல்வதில்லை. "உங்க கெட்ட நாட்களை எழுதிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்," என்பாள். பள்ளி உணவு சப்ளை செய்கிற ஒருத்தியின் பட்டியலைப் பார்த்துவிட்டு நீலத்தை எடுக்கச் சொன்னாள். வெய் அதற்கு நன்றி சொல்லப் போன் செய்தார். அளவு தீர்ந்தால் போன் மணி அடிக்கிற மாதிரி தங்கள் ஆட்கள் மாற்றிவிட்டார்கள் என்றும், லானின் தாளைக் காட்டித்தான் கேட்டு வாங்கினேன் என்றும் சொன்னார்.

அக்டோபரில் லானும் லோவும் பெங்ஹு தீவுக்கு நாலு நாள் போனார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து கடல் தாண்டியது அதுதான் முதல் முறை. இரண்டு நாள் கணவாயும் சிப்பியும் சாப்பிட்டுக்கொண்டு காற்றில் நடந்தாள். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. ஆபீசுக்குப் போன் செய்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அஷெங் எடுத்தான்.

"நான் லான்."

"உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க? யாருக்காவது உடம்புக்கு முடியலையா?" என்றான் அவன் அவளுடைய குரலிலேயே.

"வாயை மூடு. எல்லாம் ஓடுதா?"

"ஓடுது. நீங்க வச்சுட்டுப் போய்க் கடலைப் பாருங்க அக்கா."

திரும்பி வந்த அன்று அவள் சாம்பலைத் திறந்தபோது அவள் போடாத ஒரு கட்டம் அதில் இருந்தது. மருத்துவமனைக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றால், பக்கத்தில் இருக்கும் இரண்டு மெக்கானிக்குகளுக்கும் ஒரே நேரத்தில் சொல்லும்படி அஷெங் கோடு இழுத்திருந்தான். லான் நாற்காலியில் சாய்ந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்தாள். கட்டத்தின் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதியிருந்தான். அதை மட்டும் திருத்திவிட்டு, மற்றதை அப்படியே விட்டாள்.